பேய் துணைக்கு வரலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது: மலை ஊர் அமானுஷ்ய கோஸி நாவல்கள் பற்றி ஒரு விவாத இழை

குன்னூர் வாசகி எழுதியது:

அமானுஷ்யம் கலந்த கோஸி மர்ம நாவல்களை ஒரு முறை பிடித்தவர்கள் ஏன் விடுவதில்லை என்று விரிவாகப் பேசத்தான் இந்த இழை. "லேசான பொழுதுபோக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

புதிதாக வருபவர்களுக்கு: கோஸியில் கொலை உண்டு, ஆனால் வெட்டும் ரத்தமும் பக்கத்தில் வராது. துப்பறிகிறவர் போலீஸ் கிடையாது. பேக்கரி வைத்திருப்பார், நூலகத்தில் இருப்பார், பூச்செடி நாற்று விற்பார். ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கடைசியில் நியாயம் நிற்கும். இதில் ஒரு ஆவியோ, குறி சொல்லும் பாட்டியோ, மற்றவர்கள் பார்க்காததைப் பார்க்கிற பூனையோ சேர்ந்தால் அது பாராநார்மல் கோஸி.

இதன் ஈர்ப்பு பயம் இல்லை என்பது என் கட்சி. சாதாரணத் துப்பறியும் கதையில் செத்தவர் இரண்டாம் அத்தியாயத்தோடு மனுஷர் என்கிற நிலையை இழந்துவிடுகிறார். அதற்கப்புறம் அவர் ஒரு பிணம், ஒரு தடயம், ஒரு சொத்துத் தகராறு. அவர் என்ன சாப்பிடுவார், யாரிடம் கோபமாக இருந்தார், எந்தக் கடனைத் திருப்பித் தர நினைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆவி வருகிற கதையில் செத்தவர் கடைசிப் பக்கம் வரை ஆளாகவே இருக்கிறார். வாதாடுகிறார், கோபித்துக்கொள்கிறார், "என் பீரோ சாவியை அவளிடம் கொடுக்காதே" என்கிறார். இழந்தவர்களோடு இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்கிற ஆசைக்கு இந்த வகை நேராகப் பதில் சொல்கிறது. ஆடியிலும் தையிலும் முன்னோருக்குப் படையல் போட்டு, அவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைக்கிற நமக்கு இது அந்நியமான மனநிலையே இல்லை. நம் பேய்க்கதைகள்தான் பழிவாங்கலையும் மல்லிகைப்பூ வாசனையையும் தாண்டி வரவில்லை.

மலை ஊரை வைத்து எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எது வேலை செய்கிறது, எது கெடுக்கிறது, சொல்லுங்கள்.

கோத்தகிரி முருகேசன் எழுதியது:

வாசகி அம்மா சொன்னதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிதான் சிக்கல். செத்தவரே வந்து பேசினால் "யார் கொன்றது?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?

1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்கிற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளையே, அமானுஷ்ய சக்தி எதுவும் வரக் கூடாது என்பதுதான். அடுத்த வருஷம் லண்டனில் தொடங்கிய, துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்ஷன் கிளப்பில் சேர்கிறவர்கள், தெய்வ வாக்கையோ தற்செயலையோ நம்பிக் கதையை முடிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். காரணம் மூடநம்பிக்கை எதிர்ப்பு இல்லை. வாசகனும் துப்பறிகிறவரும் ஒரே தடயங்களை வைத்துப் போட்டி போட வேண்டும். பேய் சொன்னதை வாசகனால் சரிபார்க்க முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே பேய் வரட்டும், ஆனால் அதற்குச் சட்டம் வேண்டும். அது எந்த எல்லை வரை நடமாடும், யார் கண்ணுக்குத் தெரியும், பொருளைத் தொட முடியுமா, எதுவரை நினைவிருக்கிறது: இந்த நாலும் புத்தகத்தின் முதல் கால்வாசிக்குள் வாசகனுக்குத் தெரிந்துவிட வேண்டும். பிறகு ஒரு வரி கூட மாறக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி மாட்டிக்கொண்டிருக்கும்போது, அதுவரை காகிதத்தைக் கூடப் புரட்ட முடியாத ஆவி திடீரென்று பூச்சட்டியைத் தூக்கிப் போட்டால் புத்தகத்தை அங்கேயே மூடிவிடலாம். தொடர் நாவல்களில் மூன்றாம் நான்காம் புத்தகத்தில் இந்த வியாதி வந்துவிடுகிறது.

இன்னொன்று. பேய் தரும் தகவல் கதவைத் திறக்கலாம், தீர்ப்பு எழுதக் கூடாது. "உயில் பியானோவுக்குள் இருக்கிறது" என்று பேய் சொல்லலாம். ஆனால் அதை நியாயமான வழியில் போய் எடுக்க ஒரு காரணத்தைக் கதாநாயகி உண்டாக்க வேண்டும், இன்ஸ்பெக்டரிடம் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குப் பொய்யில்லாத பதில் இருக்க வேண்டும். தெரிந்த உண்மைக்கு மறுபடியும் கையில் பிடிக்கக்கூடிய சாட்சி தேடுகிற அந்தத் தவிப்புதான் இந்த வகையின் இன்ஜின்.

வெலிங்டன் வாணி எழுதியது:

முருகேசன் சார் கேட்ட "நேராகக் கேட்டுவிட்டால்?" என்பதுதான் கையெழுத்துப் பிரதிகளில் அதிகம் சொதப்புகிற இடம். பலரும் "கடைசி ஒரு மணி நேரம் நினைவில்லை" என்று தப்பித்துக்கொள்கிறார்கள். அது மலிவான வழி. எப்படிச் செத்தார் என்பதிலேயே விடை இருக்க வேண்டும். தூக்கத்தில், பின்னாலிருந்து, அல்லது தாமதமாக வேலை செய்யும் விஷத்தில்.

விஷம் என்றால் செங்காந்தளை எடுங்கள். நம் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதில் இருக்கும் கோல்ச்சிசின் உடனே காட்டாது. பல மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பிக்கும். பார்த்தால் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது மாதிரியே இருக்கும். ஆகவே செத்தவருக்கு எந்த வேளைச் சாப்பாடு, யார் பரிமாறியது என்பதே தெரியாது. அவர் சந்தேகப்படுவது கடைசியாகச் சாப்பிட்ட இடத்தை. உண்மை முந்தின வேளையில் இருக்கும். ஆவி மனமறிந்து பொய் சொல்லவில்லை, ஆனால் துப்பறிகிறவளைத் தவறான வீட்டுக்கு அனுப்புகிறது. இப்படி அமைத்தால் செத்தவர் ஆளாகவும் இருக்கிறார், புதிரும் பிழைக்கிறது.

அளவு பற்றி: முழு நாவல் 65,000 முதல் 75,000 சொல். பிணம் முதல் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது மூன்றாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர் போதும். ஆறைத் தாண்டினால் பெயர்கள் குழம்பும், அதிலும் செல்வி, செல்லம்மா, செண்பகம் என்று ஒரே எழுத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். பேயும் கதாநாயகியும் தனியாகப் பேசும் காட்சி நீண்டால் கதை தூங்கும், ஏனென்றால் அங்கே யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கும்போது பேய் பேசட்டும். அவளால் பதில் சொல்ல முடியாது, முகத்தையும் காட்ட முடியாது. காட்சி தானாக விறைப்பாகும்.

போலீஸை முட்டாளாக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மெதுவாகப் போவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. சந்தேக மரணம் என்றால் 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-வது பிரிவு. அதற்கு முன் நடக்கும் கதை என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174. ஜி.எச்.-ல் போஸ்ட்மார்ட்டம் நடக்கும், உள்ளுறுப்பு மாதிரிகள் லேபுக்குப் போகும், முடிவு வர நாளாகும். அந்த இடைவெளிதான் உங்கள் கதாநாயகிக்குக் கிடைக்கும் காலம். வில்லேஜ் ஆபீசர் புகார் கொடுப்பது, ஸ்டேஷன் ரைட்டர் வாக்குமூலம் எழுதுவது எல்லாம் சரியாக வந்தால், பக்கத்தில் பேய் உட்கார்ந்திருந்தாலும் வாசகர் நம்புவார்.

கொடைக் குறிஞ்சி எழுதியது:

ஊர் அமைப்பைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் "மண் சரிந்தது, ஊர் துண்டானது, கொலைகாரன் உள்ளேயே இருக்கிறான்" என்று எழுதுகிறவர்கள் மேப்பைப் பார்ப்பதே இல்லை.

ஊட்டியைத் துண்டிப்பது சுலபமில்லை. பர்லியாறு வழி அடைந்தால் கோத்தகிரி வழி இருக்கிறது. அதுவும் போனால் மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடை. மறுபக்கம் கூடலூர். கல்லட்டி இறங்கினால் மசினகுடி. ஐந்தையும் ஒரே ராத்திரியில் அடைத்தால் அது கோஸி இல்லை, பேரிடர் கதை. கொடைக்கானல் வேறு மாதிரி. வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழி, மூன்றும் பெருமாள்மலையில் வந்து சேர்ந்துவிடும். அதற்கு மேலே வெள்ளி அருவிப் பக்கம் மண் சரிந்தால் வழி மூன்றும் சேர்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வையுங்கள், நம்பும்படி இருக்கும். இன்னும் இறுக்க வேண்டுமானால் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்கள்.

2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. வெளியூர் வண்டி எப்போது வருகிறது என்பதற்குப் பதிவு இருக்கும். அரசு பஸ்ஸுக்குப் பாஸ் வேண்டாம். இதைக் கவனிக்காமல் "யாருக்கும் தெரியாமல் காரில் வந்து போனான்" என்று எழுதாதீர்கள். பஸ்ஸில் வந்தான் என்று எழுதுங்கள், அதுவே ஒரு நல்ல ஒளிவிடம்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த விஷயம். கொடைக்கானலில் மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் சில சமயம் தெரியும் ப்ராக்கன் பூதம். சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து நிற்க வேண்டும், முன்னால் பள்ளத்தில் மஞ்சு அடர்த்தியாக ஏற வேண்டும். அப்போது உங்கள் நிழல் அந்த மஞ்சுத் திரையில் பெரிய உருவமாக விழும், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் இருக்கும். பேய் பார்த்தேன் என்று சொல்ல இதைவிட அழகான காரணம் கிடையாது. ஆனால் புதையல் இதற்குள்தான் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து நின்றால் நாலு பேர் நிழலும் தெரியும், ஆனால் வளையம் ஒவ்வொருவருக்கும் தன் தலை நிழலைச் சுற்றி மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தலையில் தெரியாது. நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், அது பார்க்கிறவர் கண்ணை மையமாக வைத்தே அமையும்.

அப்படியானால்: "எங்களைவிட்டுத் தள்ளி நின்ற டீச்சரின் நிழலுக்கு வளையம் இருந்தது, நான் பார்த்தேன்" என்று ஒருவர் சாட்சி சொன்னால் அவர் பார்க்கவே இல்லை, யாரோ சொன்னதைச் சொல்கிறார். போட்டோவில் இன்னும் கச்சிதம். வளையத்தின் நடுவில் எந்த நிழல் இருக்கிறதோ, கேமரா அந்த ஆளிடம் இருந்தது. மூன்று நிழல் விழுந்த படத்தில் எடுத்தவர் யார் என்பதைப் படமே சொல்லிவிடும். அமானுஷ்யமாகத் தெரிவதையும் தடயத்தையும் ஒரே படத்தில் வைக்கலாம், பேய்க்கு அதில் வேலையே இல்லை.

மஞ்சூர் இளசு எழுதியது:

குறிஞ்சி அக்கா, வளையம் விஷயம் பிரமாதம். ஒரு சந்தேகம். எல்லாவற்றுக்கும் இப்படி அறிவியல் காரணம் சொல்லிவிட்டால் பாராநார்மல் எங்கே மிஞ்சும்?

கோத்தகிரி முருகேசன் எழுதியது:

தம்பி, அதற்குத்தான் உண்மைப் பேய் ஒன்று, போலிப் பேய் ஒன்று என்று இரண்டு வைக்க வேண்டும். பங்களாவில் நடக்கும் "அமானுஷ்யத்துக்கு"ப் பின்னால் கொலைகாரன் இருக்கிறான். அங்கேயே வருஷக்கணக்காகக் குடியிருக்கும் நிஜ ஆவிக்குத் தன் பெயரில் நடக்கும் அந்தக் காரியம் அவமானம். "அது நான் இல்லை" என்று அது சொல்லும் இடத்திலிருந்து விசாரணை தொடங்கும். நிஜப் பேய் இருப்பதால் மட்டுமே அது போலி என்று கதாநாயகிக்குத் தெரிகிறது. ஆனால் போலி என்று நிரூபிக்க அறிவியல்தான் வேண்டும்.

போலிப் பேய்க்கு நம் மலையில் பொருத்தமானது கரி அடுப்பு. குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே கரி மூட்டிவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். உயிரையே எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் தலைவலி, குமட்டல், நெஞ்சு அழுத்தம், குழப்பம், இல்லாத சத்தம் கேட்பது. 1921-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர், பேய் வீடு என்று நினைத்துத் தவித்த ஒரு குடும்பத்தைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். வீட்டைச் சூடாக்கும் உலையில் இருந்த கோளாறுதான் காரணம். பங்களாவின் கணப்புப் புகைபோக்கியை மேலிருந்து சாக்கு வைத்து அடைத்தால் அதே நிலைமை. எழுதுகிறவர்கள் செய்யும் தவறு, "வாயு நாற்றம் வந்தது" என்பது. அதற்கு வாசனையே கிடையாது. இன்னொரு தவறு, டாக்டருக்குத் தெரியாமல் போவது. இறந்த உடலில் பெரும்பாலும் செர்ரிப் பழச் சிவப்பு ஏறியிருக்கும், போஸ்ட்மார்ட்டம் செய்கிறவர் கவனிப்பார். ஆகவே இது கொலைக்கு அல்ல, மிரட்டலுக்குப் பயன்படட்டும். ஒரு கூடுதல் தடயம்: வெளியே போய் வந்தால் தலைவலி தெளிந்துவிடும். பேய் மனுஷரோடு மார்க்கெட் வரை வராதது ஏன் என்று உங்கள் கதாநாயகி யோசிக்கட்டும்.

உறைபனியையும் விடாதீர்கள். மார்கழி, தையில் மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் திறந்த புல்வெளியில் விழும். மேகம் மூடிய ராத்திரியில் விழாது, அடர்ந்த மரத்தடியிலும் அபூர்வம். ராத்திரி முழுக்க நின்ற காரின் அடியில் புல் பச்சையாகவே இருக்கும், சுற்றிலும் வெள்ளை. விடியற்காலை வந்து நிறுத்திய கார் என்றால் அடியிலும் வெள்ளை இருக்கும். "நேற்று சாயங்காலமே வந்துவிட்டேன்" என்கிற பொய் அங்கேயே உடையும். வெயில் ஏறினால் எல்லாம் போய்விடும், ஆகவே பார்ப்பவர் பால்காரராகவோ கேரட் கழுவப் போகிறவராகவோ இருக்க வேண்டும். அவரும் பார்க்கவில்லையா? பரவாயில்லை. உறைந்த புல்லை மிதித்தால் அந்தத் தாள்கள் செத்துவிடும். இரண்டொரு நாளில் காலடி வடிவத்திலேயே பழுப்பு ஏறும். பேய்க்குக் காலடி இருக்காது.

ஹட்டிக்காரன் எழுதியது:

கதைக்காரர்கள் மலைக்கு வந்தவுடன் இரண்டு காரியம் செய்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம்.

ஒன்று, சூனியக்காரர் என்று குறும்பர் பழங்குடியில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரிலேயே குறும்பர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். எங்கள் படுக முன்னோருக்கும் அந்தப் பயத்திலும் அந்தப் பழியிலும் பங்கு உண்டு. அந்தச் சந்தேகத்தை மறுபடியும் கதை என்கிற பெயரில் எழுதுவது சின்ன விஷயம் இல்லை. உண்மையில் இந்த வகைக்கு ஏற்ற குற்றமே அதில் இருக்கிறது: ஊர் ஒருவர் மேல் பழி போடுகிறது, அவர் செய்யவில்லை என்று துப்பறிகிறவள் நிறுவுகிறாள். செத்தவருக்கு நியாயம் என்று வாசகி அக்கா சொன்னது உயிரோடு இருப்பவருக்கும் பொருந்தும்.

இரண்டு, வெள்ளை கவுன் போட்ட துரைசானி ஆவி. எல்லா பங்களாவிலும் அவரே இருக்கிறார். இந்த மலையில் ரோடு போட்டுச் செத்தவர்கள், கொழுந்து கூடையோடு விழுந்தவர்கள், ஆயாக்கள், தபால்காரர்கள் யாருக்கும் ஆவியே கிடையாதா? மலை ரயிலின் பிரேக்ஸ்மேனை எடுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் சக்கரத் தண்டவாளத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். இன்ஜின் டிரைவருக்கு முன்னால் முழுப் பாதையும் தெரியாது, முதல் பெட்டிக்காரருக்குத்தான் தெரியும். அவர் ஆவியாக வந்தால் எதைப் பார்த்திருப்பார், எதைப் பார்த்திருக்க மாட்டார் என்பது அவர் நின்ற இடத்தாலேயே முடிவாகிவிடும். குற்றம் நடந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்று காட்டும் அலிபிக்கும் ரயிலைப் பயன்படுத்தலாம். மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறினால் குன்னூர் வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல். கார் அதில் பாதிக்குள் வந்துவிடும்.

எங்கள் படுகர்களின் ஹெத்தை பண்டிகையைப் பின்னணியாக வைத்தால் தாராளமாக வையுங்கள், வெள்ளை உடுத்து ஊர்கள் பேரகணிக்கு நடந்து போவதை எழுதுங்கள். ஹெத்தையம்மனைப் பேய்க் கதைக்குள் இழுக்காதீர்கள். எங்களுக்கு அவர் குல மூதாட்டி.

வெலிங்டன் வாணி எழுதியது:

ஹட்டிக்காரர் சொன்ன பிரேக்ஸ்மேனை யாராவது எழுத வேண்டும். எழுதினால் அவர் பேச்சைக் கவனியுங்கள். 1940-களில் செத்தவர் அணாவில் கணக்குச் சொல்வார். நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. கிலோ தெரியாது, ராத்தல் தெரியும். தூரம் மைலில். இதை அலங்காரமாக வைக்காமல் தடயமாக்குங்கள். "மூணு மைல்" என்று ஆவி சொன்னதைக் கதாநாயகி மூன்று கிலோமீட்டராக எடுத்துக்கொண்டு தவறான எஸ்டேட்டில் தோண்டலாம்.

இடமும் மாறியிருக்கும். ஊட்டி ஏரி ஒரு காலத்தில் இப்போதிருப்பதைவிட மிகப் பெரிது. ரேஸ் கோர்ஸும் பஸ் ஸ்டாண்டும் ஏரியாக இருந்த நிலத்தில் வந்தவை. பழைய ஆவி "ஏரிக்கரையில் வைத்தேன்" என்றால் இன்றைய கரையில் தேடினால் கிடைக்காது. நூலகத்தில் பழைய வரைபடத்தை விரிக்க வேண்டும். பேய் உண்மையைத்தான் சொன்னது, ஊர்தான் நகர்ந்துவிட்டது. முருகேசன் சார் கேட்ட கையில் பிடிக்கும் சாட்சியும் அந்த வரைபடமாகவே இருக்கும்.

கோஸி நாவலின் கடைசியில் சமையல் குறிப்பு சேர்க்கிற வழக்கம் பற்றி ஒரு வார்த்தை: வாசகர்கள் நிஜமாகவே செய்து பார்ப்பார்கள். ஊட்டி வர்க்கியைப் போடாதீர்கள். அது ஈஸ்ட்டுக்குப் பதில் தாங்களே புளிக்கவைத்த மாவில், விறகடுப்பில் வேகிறது. வீட்டு ஓவனில் அந்த மொறுமொறுப்பு வராமல் உங்களைத்தான் திட்டுவார்கள்.

மஞ்சூர் இளசு எழுதியது:

கொலை தீர்ந்ததும் ஆவி போய்விட வேண்டுமா? போய்விட்டால் தொடரின் அடுத்த புத்தகத்துக்கு என்ன செய்வது?

குன்னூர் வாசகி எழுதியது:

தம்பி, ஆவிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தந்தப் புத்தகத்தில் கொலையானவர், வழக்கு முடிந்ததும் போகட்டும். போகாவிட்டால் வாசகருக்கு முடிவு கிடைத்த நிறைவு வராது, மூன்றாவது புத்தகத்தில் வீடு முழுக்க ஆவியாக இருக்கும். வீட்டோடு இருக்கும் ஆவி வேறு. அவர் எப்போதோ இயற்கையாகச் செத்த பாட்டியாகவோ, பட்லராகவோ இருக்கலாம், தொடர் முழுக்க வருவார். அவர் போகாமல் இருப்பதற்குக் கொலையோடு சம்பந்தமில்லாத காரணம் ஒன்றை முதல் புத்தகத்திலேயே போட்டுவிடுங்கள். வராத ஒரு கடிதம், பெயர் மாற்றாத ஒரு பட்டா, பம்பாய்க்குப் போய்த் திரும்பாத மகன். அதைப் புத்தகத்துக்கு ஒரு அடி நகர்த்தினால் போதும். கடைசிப் புத்தகம் வரை அவசரமாகத் தீர்த்துவிடாதீர்கள், மறந்தும் விடாதீர்கள். ஐந்தாம் புத்தகத்தில் அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதுகிற வாசகர்கள்தான் இந்த வகைக்கு அதிகம்.